உச்சியில் ஒரு வரம்பு

வெளிநாட்டில் குடியேறிய தமிழர் இல்லங்களில் குழந்தை பிறந்தால், ஊரிலிருந்து பாட்டி வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டிற்கு ஒரு நிறைவு உண்டாகிறது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் வசிக்கும் இளம் தம்பதியர் வீட்டிற்கு, 2024ஆம் ஆண்டில், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து அவ்வாறு ஒரு பாட்டி வந்தார். பேரனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவருடைய பொறுப்பாயிற்று.

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோது, ஒரு நாள் காலை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"ஏம்மா, இங்கே கொஞ்சம் தொட்டுப் பாரு. நடு உச்சியிலே வயல் வரம்பு மாதிரி தட்டுது. தலையும் நீளமா, ரெண்டு பக்கமும் ஒடுங்கினாப்பலே இருக்கு."

"பிறந்த குழந்தைங்க தலை அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"ஆறு பேரன் பேத்தியைக் குளிப்பாட்டின கை இது. இப்படி ஒரு தலையை நான் தொட்டதில்லே."

பாட்டியின் விரல் தொட்டது என்ன என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. பிறந்த சிசுவின் மண்டையோடு ஒரே எலும்பன்று. பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. தகடுகளுக்கு நடுவே தையல் போட்டாற்போல் மெல்லிய இடைவெளிகள் உண்டு. முதல் ஓராண்டிலேயே மூளை ஏறக்குறைய இருமடங்காகிறது. அதற்கு இடம் கொடுப்பவை இந்தத் தையல்களே. இவற்றுள் நெற்றித் தையல் ஒன்றுதான் முதல் ஆண்டில் இயல்பாக மூடிக்கொள்ளும். மற்றவை வயது வந்த பிறகே இறுகும். அபூர்வமாக, ஏதேனும் ஒரு தையல் பிறப்பதற்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 2000 முதல் 2500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது நேர்கிறது. அப்போது தலை அந்தத் தையலுக்குக் குறுக்காக வளர முடியாமல் அதன் போக்கிலேயே நீளுகிறது. இதை ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ச்சோ 1851இலேயே விளக்கினார். உச்சியின் நடுவே முன்னிருந்து பின்னோடும் தையல் ஒட்டுவதே அதிகம். அதிலும் ஆண் குழந்தைகளிடமே மிகுதி.

இதனால் எல்லோரும் கலவரப்பட வேண்டியதில்லை. திடீர் மரணத்தைத் தவிர்க்கும்பொருட்டு, சிசுக்களை மல்லாக்கப் படுக்கவைக்கும்படி 1992 முதல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்தி வருகிறார்கள். பல உயிர்களைக் காத்த நல்ல அறிவுரை அது. ஆனால் அதன் பிறகு பின்மண்டை தட்டையான குழந்தைகள் பெருகினார்கள். படுக்கையால் வந்த தட்டை பெரும்பாலும் படுக்கும் பக்கத்தை மாற்றினாலே சீராகும். தையல் ஒட்டியது அப்படித் தானே சீராகாது.

இரண்டாம் மாதப் பரிசோதனையில் குழந்தை டாக்டர் நாடா வைத்துத் தலையை அளந்தார். சுற்றளவு சரியாகவே இருந்தது. நடுத்தையல் ஒட்டிய குழந்தைக்கும் சுற்றளவு சரியாக இருக்கலாம் என்பதே இதில் உள்ள சூட்சுமம். அகலத்தில் குறைந்தது நீளத்தில் கூடிவிடுகிறதல்லவா? அன்று கூட்டம் அதிகம். தலையை மேலிருந்து நோக்கவும், உச்சியைத் தடவிப் பார்க்கவும் அவருக்கு அவகாசம் இல்லை. "தலை சற்று நீளம்" என்று ஒரு நிபுணருக்குச் சீட்டு எழுதினார். சீட்டில் Q67.2 என்ற குறியீடு ஏறியது. நிபுணரைப் பார்க்க நான்கு மாதம் கழித்து நாள் கிடைத்தது.

இங்கேதான் குறியீட்டின் கதை வருகிறது. அந்நாட்டில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் உண்டு. Q67.2 என்றால் நீள்தலை, அவ்வளவே. அது வடிவத்தின் பெயர், காரணத்தின் பெயரன்று. தையல் முன்கூட்டி ஒட்டியதற்கு Q75.0 என்ற தனி இனம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் அதையும் பிரித்து, எந்தத் தையல் என்று தனித்தனியே எண் கொடுத்திருக்கிறார்கள். நடுத்தையலுக்கு Q75.01. ஆயினும், வெளிநோயாளிக்கு நோய் "இருக்கலாம்" என்ற சந்தேகத்தைக் குறியீடாகப் போட அங்கே விதியில்லை. கண்ட அறிகுறியை மட்டுமே போடலாம். ஆகவே அந்தச் சீட்டில் இருந்தது பொய்யன்று. ஆனால் குறியீடு சொல்ல முடியாததைக் கடிதம் சொல்லியிருக்க வேண்டும். "உச்சியில் வரம்பு தட்டுகிறது, விரைவில் பாருங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். நாள் குறிப்பவர் எண்ணைப் பார்த்து, அவசரமில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

இதற்கிடையில் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். தலையை உருட்டிப் பிடித்துவிட்ட தன் கைதான் இப்படிச் செய்ததோ என்று இரவில் தனியே அழுததை மகள் கண்டுவிட்டார். மறுநாள் காலையிலேயே நிபுணரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். நர்ஸ் குழந்தையின் தலையை மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படம் போன அன்று மாலையே, அடுத்த வாரத்திற்கு நாள் மாறியது.

நிபுணர் தம் விரல்களால் உச்சியை ஒருமுறை தடவினார். அவருக்கு ஐயமே இருக்கவில்லை. பாட்டி மகள் மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது கருவிலேயே ஒட்டியது. எந்தக் கையும் இதைச் செய்யவில்லை. உங்கள் அம்மாவின் கை இதைக் கண்டுபிடித்தது" என்றார் அவர்.

மூன்றரை மாதத்தில் அறுவை நடந்தது. இரண்டு சிறு கீறல்களின் வழியே நுண்நோக்குக் குழாயைச் செலுத்தி, ஒட்டிய எலும்பை ஒரு பட்டையாக எடுத்தார்கள். எலும்பு மெல்லியதாக இருக்கும் முதல் சில மாதங்களில்தான் இம்முறை நன்கு பலிக்கும். குறித்த நாள் வரை காத்திருந்தால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். மண்டையைத் திறந்து எலும்புகளைப் பெயர்த்து அமைக்கும் பெரிய அறுவையாக முடிந்திருக்கும். பிறகு தலையை உருவாக்கும் கவசத்தைப் பல மாதம் அணிய வேண்டியிருந்தது. அழகுக்கான செலவு என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் தர மறுத்தது. காரணம் விசாரித்தால், ஒரு தாளில் பழைய Q67.2 அப்படியே நின்றிருந்தது! அது திருத்தப்பட்டதும் பணம் வந்தது.

குழந்தை பிறந்திருக்கும் இல்லத்தார் இரண்டு காரியம் செய்யலாம். குழந்தையின் தலையை மேலிருந்தும் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, கண்டதைக் கூச்சமின்றி டாக்டரிடம் சொல்லலாம். வேறு டாக்டரிடம் அனுப்பினால், "சீட்டில் என்ன எழுதினீர்கள், எந்தக் குறியீடு, எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும்" என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அந்தப் பேரன் இப்போது ஓடி விளையாடுகிறான். காயம் ஆறியபின் டாக்டர் அனுமதித்த முதல் நாளே, பாட்டி மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். உச்சியில் வரம்பு இல்லை. இருந்தாலும், ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.