மாவிட்டபுரத்தில் ஓர் ஆடி வாரம்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகும் பஸ், கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எனச் சந்திக்குச் சந்தி ஆட்களை இறக்கிவிட்டு, மாவிட்டபுரத்தை அடையும்போது பாதி வெறுமையாகிவிடும். கந்தசுவாமி கோயிலடியில் இறங்கினால் மேற்கே ஒரு வீதி கீரிமலைக்குப் பிரிகிறது. செம்மண் நிலம். மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல் தட்டுப்படும். மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி கீரிமலையில் நீராடியதால் அவளுடைய குதிரை முகம் நீங்கியது, அவள் எடுப்பித்த கோயிலே இது என்பது ஐதீகம். மா என்றால் குதிரை; மா விட்ட புரம், மாவிட்டபுரம்.

ஆண்டின் மற்றக் காலங்களில் அமைதியாகக் கிடக்கும் இவ்வூர், ஆடி மாதத்தில் மட்டும் நிலைகொள்ளாமல் இருக்கும். 25 நாள் திருவிழா நடந்து, ஆடி அமாவாசைக்கு முதல்நாள் தேர். அமாவாசையன்று சுவாமி கீரிமலைக் கடலில் தீர்த்தமாடுவார். தந்தையை இழந்தவர்கள் குடாநாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அன்று கீரிமலைக்கு வருவார்கள்.

மீள்குடியேறிய கிராமங்களில் முதியவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று பார்க்கும் ஒரு வேலைக்காக, 2018 ஓகஸ்ட் மாதம் அந்த வாரத்தில் நான் இவ்வூரில் தங்கினேன். எனக்கு இடம் தந்தவர்கள் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியினர். அவர் 74 வயது, சீமெந்துத் தொழிற்சாலையில் மின்னியலாளராக இருந்தவர். அவருடைய மனைவி 69 வயது, ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்து 2009இல் ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். அவரை ஐயா என்பார்கள். ஒருவரையொருவர் "இஞ்சரும்", "இஞ்சருங்கோ" என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்கவில்லை.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது தொழிற்சாலையும் நின்றது, ஊரும் எழும்பியது. ஐயாவுக்கு அப்போது 46 வயது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. அதன்பின் மல்லாகத்தில் உறவினர் வளவொன்றில் 21 ஆண்டுகள், ரீச்சரின் சம்பளத்திலும் ஐயா செய்த சில்லறை வயரிங் வேலைகளிலும் குடும்பம் ஓடியது. இடையில் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வேறு. 2011இல் சொந்தக் காணிக்குப் போக அனுமதி கிடைத்தபோது, எல்லை காட்ட வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் இது நம்முடைய காணி என்று அடையாளம் பிடித்தார்களாம்.

இன்று அந்த வீடு ரீச்சரின் ஓய்வூதியத்தில் நடக்கிறது. மனைவியின் பென்ஷனில் சாப்பிடுவதை ஐயா குறைவாக நினைக்கவில்லை. விடிய நாலரைக்கு எழும்பித் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, தேங்காய் துருவிக் கொடுப்பதெல்லாம் அவர்தான். "இவ 35 வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் ஓடி, அடுப்பும் மூட்டினவ. இப்ப என்ர முறை" என்றார். எங்கள் ஆண்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள் என்பதை வாசகியரே அறிவீர்கள்.

வாரம் ஞாயிற்றுக்கிழமை புலமைப்பரிசில் பரீட்சையுடன் தொடங்கியது. ரீச்சர் மாமரத்தடியில் காசு வாங்காமல் படிப்பித்த பிள்ளைகள் ஐந்து பேர் அன்று பரீட்சை எழுதினார்கள். விடிய ஐந்தரைக்கே வந்து ஒவ்வொருவராக அவர் காலில் விழுந்து போனார்கள். கிளிநொச்சியில் அவருடைய பேரனும் அதே பரீட்சையை எழுதினான். திங்கட்கிழமை பேரனும் தாயும் வந்து சேர்ந்தார்கள். இந்த மகள் இளையவள். அவளுடைய கணவர் 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது ஒரு வயது. மூத்த மகள் கனடாவில். இருவருக்கும் நடுவே ஒரு மகன். 1996 ஆடியில், 21 வயதில், சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சோதனைச் சாவடியில் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் தெரியும்.

செவ்வாயன்று குறிப்பிட எதுவும் இல்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறினார்கள். புதன்கிழமை இருவருக்கும் தெல்லிப்பழை வைத்தியசாலையில் கிளினிக். ஐயாவுக்குப் பிரஷர், ரீச்சருக்குச் சீனி வருத்தம். காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுத்து, மருந்து வாங்கி வீடு வரப் பதினொரு மணி. வருமுன் சுன்னாகம் சந்தைக்கும் போனோம். அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வேண்டுமே! பற்றைகளில் படரும் முட்கொடியின் காய் அது. சரியான கைப்பு. மற்ற நாட்களில் யாரும் தேடமாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு மட்டும் அது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் படையல் இல்லை. விலையோ அந்த வாரத்தில் ஏறிவிடும். ரீச்சர் பேரம் பேசிப் பேசி நாலு கடை மாறினார்.

வியாழக்கிழமைதான் வாரத்தின் பெரிய நாள். அன்று நொத்தாரிசிடம் போய்க் காணி எழுதுவதாக இருந்தது.

காணி 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். ரீச்சரின் சீதனக் காணி. மூத்த மகள் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். முழுவதையும் இளையவளுக்கு எழுதிவிட வேண்டும் என்பது ஐயாவின் எண்ணம். ரீச்சரோ தெற்குப் பக்கம் கிணற்றோடு சேர்ந்த 2 பரப்பு மகனுக்கு என்று பிடிவாதமாக நின்றார். முதல்நாள் இரவு இருவரும் விறாந்தையில் மெல்லிய குரலில் வாக்குவாதப்பட்டது எனக்குக் கேட்டது.

"22 வருஷமாச்சு. எங்களுக்குப் பிறகு உந்த 2 பரப்புக்காகப் பிள்ளை கோடு கச்சேரி எண்டு அலையவேணும்."

"அவன்ர பங்கு அவனுக்கு. வந்து கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?"

ஐயா கல்நெஞ்சக்காரர் அல்லர். விதவை மகளின் நிலையை நினைத்துப் பேசினார். அதிலும் நியாயம் உண்டு.

நொத்தாரிசு வயதானவர், பொறுமையாக விளங்கப்படுத்தினார். நன்கொடை உறுதி என்றால் பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவரின் பெயரில் அப்படி எழுத முடியாது. ரீச்சரின் முகம் வாடிவிட்டது. ஆனால் வேறு வழி இருக்கிறது என்றார் அவர். 6 பரப்பை, தாய் தகப்பனின் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மகளுக்கு எழுதலாம். கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் மகளுக்கு உண்டென்று உறுதியிலேயே போட்டுவிடலாம். மீதி 2 பரப்பு ரீச்சரின் பெயரிலேயே இருக்கட்டும். அதற்கு ஒரு மரண சாசனம் எழுதி, மகன் இருந்தால் அவனுக்கு, இல்லையென்றால் பேரனுக்கு என்று சொல்லலாம். ரீச்சர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு, "இல்லையென்றால் எண்ட சொல்லை விட்டிட்டு, வராட்டி எண்டு போடுங்கோ" என்றார். நொத்தாரிசு ஐயாவைப் பார்த்தார். ஐயா தலையாட்டினார். மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக முடியாது. காணி ரீச்சரின் சீதனமாக இருந்தும், ஐயாவும் கையெழுத்திட வேண்டியிருந்தது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடு வைக்கவும் நன்கொடையாகக் கொடுக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. மரண சாசனத்துக்கு மட்டும் தேவையில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. கணவன் பக்கத்தில் இருப்பான் என்று நினைத்து எழுதப்பட்டது. கணவன் காணாமற் போன பெண் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அந்தச் சம்மதம் இல்லாமலே எழுத அனுமதி பெறலாம். இது தெரியாமல், மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் சீதனக் காணியைத் தொடலாம் என்று நம்பி மனம் நொந்த பெண்கள் பலரை என் வேலையில் சந்தித்திருக்கிறேன். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற் போயிருக்கிறார் என்று பதிவு செய்து சான்றிதழ் வழங்கவும் 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் வராதவர்களுக்கு அது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை 10ஆம் திகதி, பென்ஷன் நாள். அன்றே தேரும். வங்கியில் வெள்ளைத் தலைகளின் வரிசை. ரீச்சர் பணத்தை எடுத்து, வங்கி வாங்கிலேயே இருந்து மின்சாரம், மருந்து, பலசரக்கு, பேரன் என்று நாலு உறைகளில் போட்டு, ஐந்தாவது உறையை ஐயாவிடம் கொடுத்தார். அது அவருடைய கைச்செலவுக்காம். தேர் பார்க்க நாங்கள் போய்ச் சேரும்போது அது இருப்புக்கு வந்துவிட்டது. பேரனுக்குத்தான் கோபம்.

சனிக்கிழமை அமாவாசை. விடிய நாலு மணிக்கே கீரிமலை வீதி சனத்தால் நிரம்பிவிட்டது. அலை வந்து மோதும் கடற்கரையிலேயே, ஒரு சுவருக்கு இப்பால் நன்னீர் ஊற்றெடுக்கும் கேணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மறைப்போடு ஒன்று. கரையில் குருக்கள்மார் வரிசையாகப் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். தர்ப்பை, எள்ளு, அரிசி, காய்கறி, பூசணித் துண்டுகள்.

பேரனுக்கு இதுவே முதல் தடவை. தகப்பன், பேரன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்ல வேண்டும். தகப்பன் வழிப் பூட்டனின் பெயர் யாருக்கும் தெரியாமல், தாய் கிளிநொச்சியில் இருந்தபோதே மாமியாரின் தங்கையைத் தேடிப் பிடித்துக் கேட்டு, கொப்பி ஒற்றையில் எழுதி வைத்திருந்தாள். அந்த ஒற்றையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை சொன்னான். பவித்திரம் அவன் விரலுக்குப் பெரிதாக இருந்ததால் இரண்டு தரம் கழன்று விழுந்தது. பிண்டத்தைக் கடலில் விடும்போது மகள் அழுதாள். ரீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஐயா தன் தாய் தகப்பனுக்குக் கொடுத்தார். முடிவில் குருக்கள் வழக்கம்போல, "வேற ஆருக்கும் குடுக்க இருக்கோ?" என்று கேட்டார். ஐயா திரும்பி ரீச்சரைப் பார்த்தார்.

"இல்லை ஐயா. அவ்வளவுதான்" என்றார்.

அதே ஆண்டு ஜூலையில் காணாமற் போனோர் அலுவலகத்தினர் யாழ்ப்பாணம் வந்தபோது, ரீச்சர் மகனின் படத்தோடு போய் வரிசையில் நின்றவர். "ஒரு எலும்பெண்டாலும் காட்டட்டும் பிள்ளை, நான் தண்ணி விடுறன்" என்று என்னிடம் சொன்னார். மகன் இறந்துவிட்டான் என்றே ஐயா நம்புகிறார் என்பது எனக்கும் தெரியும், ரீச்சருக்கும் தெரியும். ஆனாலும் மனைவி சம்மதிக்கும்வரை அவர் கொடுக்கப் போவதில்லை. சீக்கிரம் கொடுத்துவிடு, ஆத்மா அலையும் என்று பெண்களை நெருக்குகிற உறவினர்களையும் அயலவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அது பெரிய கொடுமை.

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி. சமையல் முழுவதும் ஐயாவும் மகளும். காத்தோட்டிக்காய்ப் பொரியல், வாழைக்காய், பூசணிக்காய், கீரை, பருப்பு, உழுந்து வடை, பாயாசம். படையல் போட்டு, காகத்துக்கு வைத்து, பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். பேரன் காத்தோட்டிக்காயை வாயில் வைத்துவிட்டுத் துப்பினான். எல்லோரும் சிரித்தோம். ரீச்சர்தான் கூடச் சிரித்தார்.

மறுநாள் காலை நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மாமரத்தடியில் சத்தம் கேட்டது. அடுத்த ஆண்டுப் பரீட்சைக்கான பிள்ளைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐயா வாங்குகளைத் துடைத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.