காப்பி மலையும் சூஷித் தட்டும்

பழனி மலைத்தொடரிலுள்ள தாண்டிக்குடியின் காப்பித் தோட்டங்களுக்கிடையே மிளகுக்கொடி வாசனையில் வளர்ந்த எனக்கு, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜப்பானியர் விரும்பி வரும் 'டாலியா' உணவகத்தில் நேற்றிரவு சூஷி உண்ணும் பாக்கியம் வாய்த்தது, நண்பர்களே.

சோற்றைப் புளிக்கவைத்து அதனுள் மீனைப் பதப்படுத்திய புராதன முறையே சூஷியின் மூலம் என்பதும், அக்காலத்தில் மீனை உண்டு சோற்றை எறிந்துவிடுவார்கள் என்பதும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத் தெருக்கடைகளில்தான் காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன்துண்டு வைத்து உடனே தரும் வழக்கம் பிரசித்தமாயிற்று என்பதும் நினைவுக்கு வந்தன.

பழைய சோற்றை அமிர்தமெனப் போற்றும் நமக்கு, அத்தனை காலம் அந்தச் சோறு வீணானது துக்கந்தான்!

பிறகு, சூஷியுடன் வைக்கப்படும் காரமான பச்சை விழுதாகிய வசாபி.

உலகின் பெரும்பாலான உணவகங்களில் வைக்கப்படுவது ஹார்ஸ்ராடிஷ் கிழங்கின் விழுதுக்குப் பச்சை வர்ணம் சேர்த்ததே. அசல் வசாபிச் செடியோ நிழலையும், கோடையிலும் குளிர்ந்தோடும் தெளிந்த நீரையும் அபேக்ஷிப்பது.

நிழல் மரங்களுக்கு எங்கள் தோட்டங்களில் பஞ்சமில்லை, ஓடைகளும் உண்டு.

பழனி மலையில் யாரேனும் அதை நட்டுப் பார்த்ததுண்டா?