தொட்டி குடிக்கும் சுண்ணாம்பு

சிங்கப்பூர் யீஷூனில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. வரவேற்பறையின் நீளச் சுவரை ஒட்டி ஒரு பவளத் தொட்டி. பாறைகளைக் கழித்தால் 350 லிட்டர் கடல்நீர். எதிரே சோபாவின் ஓரத்தில் விருந்தாளியாக நான். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இன்று இரவுக்குள் முடிவாக வேண்டிய பேச்சு ஒன்று ஓடுகிறது. அதில் எனக்கு வேலை இல்லை. கண்ணும் காதும் போதும்.

கணவனுடைய வேலையிடத்தில் ஒருவர் தம்முடைய கால்சியம் ரியாக்டரை விற்கிறார். சிலிண்டர், ரெகுலேட்டர், பம்பு எல்லாம் சேர்த்து நல்ல விலை. இரவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணவன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். நெட்டுக்குத்தாக நிற்கும் கண்ணாடிபோல் தெளிந்த குழாய், உள்ளே கழுத்து வரை வெள்ளைக் கல், பக்கத்தில் கரியமில வாயு சிலிண்டர்.

"முதல்ல இதை முடிச்சிக்கிறேங்க" என்கிறாள் மனைவி.

அவள் கையில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. தொட்டித் தண்ணீர் நான்கு மில்லி எடுத்து, நிறங்காட்டி சில சொட்டு விட்டிருக்கிறாள். நீரின் நிறம் நீலப்பச்சை. ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அமிலம் விழுகிறது. ஒரு சொட்டு, ஒரு சுழற்று. இன்னொரு சொட்டு, இன்னொரு சுழற்று. விழுந்த இடத்தில் ரோஜா நிறம் தோன்றி உடனே கரைந்து போகிறது. பிறகு ஒரு சொட்டில் குப்பி முழுவதும் ரோஜாவாக மாறி அப்படியே நிற்கிறது. சிரிஞ்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கோட்டைப் படிக்கிறாள். நோட்டில் தேதி எழுதி, பக்கத்தில் 7.0.

காரத்தன்மையின் அளவு அது. டிகேஎச் என்பது அலகு. இரண்டு நாளுக்கு முன் இதே நேரத்தில் 8.4. இந்த இரண்டு நாளும் தொட்டிக்கு எதையும் ஊற்ற வேண்டாம் என்று வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறாள். ஆக ஒரு நாளைக்கு 0.7 குறைகிறது. குறைந்தது எங்கே போனது என்பதைத் தொட்டிக்குள்ளேயே பார்க்கலாம். அக்ரோபோரா என்னும் கற்பவளத்தின் ஒவ்வொரு கிளை நுனியும் ஒரு நகக்கண் அளவுக்கு வெளுத்திருக்கிறது. அது புது வளர்ச்சி. கற்பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து அராகோனைட் என்னும் சுண்ணாம்புக் கல்லாக இறுக்கித் தன் எலும்பைக் கட்டுகிறது. கடல் பெரிது, எடுத்தது தெரியாது. 350 லிட்டரில் எடுத்தது இரண்டே நாளில் நோட்டில் தெரிந்துவிடுகிறது.

"கால்சியமும் பாத்தியா?"

"பாத்தேன். 420 இருந்தது, இப்ப 410 மாதிரி. அதை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் சொல்வதில் கணக்கு இருக்கிறது. பவளம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால் காரத்தன்மை 2.8 குறையும். எப்போதும் ஏறக்குறைய இதே விகிதம்தான். 420-இல் பத்து குறைவதை வீட்டுச் சோதனை சரியாகக் காட்டாது, 8.4-இல் 1.4 குறைந்தால் நிச்சயம் காட்டும். அதனால் தொட்டியின் பசியை அறிய அவள் நம்புவது காரத்தன்மையைத்தான். நோட்டின் அடியில் பெருக்கிப் பார்க்கிறாள்: நாளொன்றுக்கு 4.4 கிராம் கல். ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டுகளாக ஒட்டி வளர்த்த பவளங்கள் அத்தனை கல்லைக் கட்டுகின்றன.

இப்போது கணவனின் முறை. மேசைமேல் ஒரு சின்னப் பை. ரியாக்டருக்குள் போடும் கல்லில் ஒரு கைப்பிடி, மாதிரிக்கு வாங்கி வந்திருக்கிறான். கொட்டிப் பரப்புகிறான். விரல் நீளத்துக்கு உடைந்த வெள்ளைத் துண்டுகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் பக்கமெல்லாம் நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு பவள உயிர் குடியிருந்தது.

"இதுவே பவளம்தான். இதைக் கரைச்சு அதுக்கே குடுக்கிறோம். கால்சியம், காரத்தன்மை, கொஞ்சம் மெக்னீசியம், ஸ்ட்ரான்சியம், எல்லாம் அது அதுக்குரிய அளவுலயே வரும். நாம அளந்து ஊத்த வேணாம்."

அவன் சொல்வதும் பொய்யில்லை. குழாய்க்குள் கரியமில வாயு குமிழ் குமிழாக இறங்கும். உள்ளே நீரின் பிஎச் 6.5 வரை தாழும். அந்த அமிலத்தில் கல் மெல்லக் கரையும். வெளியே சொட்டும் நீரில் காரத்தன்மை கடல்நீரைப்போலப் பல மடங்கு. சில மாதங்களுக்கு ஒருமுறை கல் நிரப்பி, சிலிண்டர் மாற்றினால் போதும். பவளம் அடர்ந்த பெரிய தொட்டிகளைப் பல ஆண்டுகளாக இந்தக் குழாய்தான் காப்பாற்றி வருகிறது. வாங்கும்போது செலவு அதிகம், ஓட்டும்போது குறைவு.

அவனுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தூத்துக்குடிக்காரன். கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே சொல்கிறான்: "எங்க ஊர்ல இதைக் கடல்ல வெட்டிக் கொண்டாந்து சுண்ணாம்புக்குச் சுட்டாங்க." மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை, பவளப் பாறையை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியமான காரணம். இப்போது அங்கே கற்பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. உலக வணிகத்திலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாத உயிர் அது. எரிந்து அழிந்ததை இவன் வீட்டில் வளரவிட ஆசைப்படுகிறான். அந்த ஆசையை மனைவியும் அறிவாள். அதனால் அவள் மறுப்பு ஒருபோதும் 'வேண்டாம்' என்று தொடங்குவதில்லை.

"காலைல பிஎச் எவ்வளவு, சொல்லுங்க" என்கிறாள்.

நோட்டில் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஜன்னல் சாத்தி ஏர்கான் ஓடும் வீடு. நாலு பேர் விடும் மூச்சு அறையிலேயே தங்குகிறது. தண்ணீர் அதை வாங்கிக்கொள்கிறது. விடியும்போது 7.8. ஜன்னல் திறந்த மாலையில் 8.2. ரியாக்டரிலிருந்து வரும் நீரில் மிச்சமிருக்கும் வாயுவும் சேர்ந்தால் விடியற்காலை இன்னும் தாழும். தாழ்ந்த பிஎச்சில் பவளம் கல் கட்டுவது மந்தமாகும்.

"ரெண்டாவது குழாய் ஒண்ணு வைக்கலாம். மிச்ச வாயு அதுல இருக்கிற கல்லைக் கரைச்சே தீந்துடும். ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா சுண்ணாம்புத் தெளிநீர் விட்டா பிஎச் ஏறும்."

"ஏறும். அப்ப கவனிக்க வேண்டியது மூணாச்சு."

அவள் எழுந்து தொட்டியின் கீழ்க் கதவைத் திறக்கிறாள். சம்பு என்னும் கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள். ஒன்று கால்சியம் குளோரைடு. அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவில் உள்ள அதே உப்புதான், ஆனால் இது உணவுத்தரத்தில் சுத்தமானது. தண்ணீரில் கொட்டியதும் கரைசல் தானே சூடேறும். மற்றொன்று சமையல் சோடா. தட்டில் மெல்லப் பரப்பி அடுப்பறை ஓவனில் சுட்டு எடுத்தது. சூட்டில் நீராவியும் கரியமில வாயுவும் பறந்துபோய் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, பிஎச்சை ஏற்றிவிடும் சோடியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். இதுவரை இரண்டையும் அளவுக் கோப்பையில் எடுத்துக் கையால் ஊற்றி வந்தவள் இவள்தான். இனிமேல் அந்த வேலையை, அளந்து ஊற்றும் இரட்டை டோசிங் பம்பிடம் விடலாம் என்பது அவள் பக்கத்து யோசனை.

"ரெண்டையும் ஒரே இடத்துல விட்டா என்ன ஆகும்னு பாருங்க." பழைய கண்ணாடி டம்ளரில் இரண்டு பாட்டிலிலிருந்தும் சில சொட்டு விடுகிறாள். தெளிவான இரண்டு நீர் சேர்ந்ததும் பால் வெள்ளையாகக் கலங்குகிறது. அங்கேயே சுண்ணாம்பு விழுந்துவிட்டது, பவளத்துக்கு ஒன்றுமில்லை. அதனால் இரண்டு குழல்களும் சம்பின் இரு கோடியில், நேரமும் தள்ளித் தள்ளி.

"உப்பு ஏறுமே?" என்கிறான் அவன். சரியான கேள்வி. இரண்டு மருந்திலிருந்தும் மிஞ்சும் சோடியமும் குளோரைடும் தொட்டியில் தங்கும். மற்ற உப்புகளோடு உள்ள விகிதம் மெல்ல மாறும். ஜெர்மானியரான ஹான்ஸ்-வெர்னர் பாலிங் இதற்காகத்தான் சாப்பாட்டு உப்பு நீக்கிய மூன்றாவது உப்புக் கலவையையும் தம் முறையில் சேர்த்தார். இவர்கள் வீட்டில் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறார்கள். இந்த அளவுக்கு அது தாங்கும்.

அளவு என்று வந்ததும் அவள் மறுபடி பேனாவை எடுக்கிறாள். இந்தத் தொட்டிக்கு ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் நாளுக்கு 50 மில்லிக்குள் போதும். ஒன்றரை லிட்டர் நிரப்பினால் ஒரு மாதம். டிசம்பரில் இரண்டு வாரம் தூத்துக்குடி.

"அந்த ரெண்டு வாரம் யார் பாப்பாங்க?"

பக்கத்து வீட்டு மலாய் அம்மா. மீனுக்குத் தீனி போட மகிழ்ச்சியாக வருவார். சாவி அவரிடமே இருக்கும். பாட்டிலில் கோடு கிழித்து, இந்த நாள் இந்தக் கோட்டில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் பார்த்துப் படம் அனுப்புவார். கோட்டுக்குக் கீழே போயிருந்தால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லலாம். ரியாக்டரில் நிமிடத்துக்கு எத்தனை குமிழ், எத்தனை சொட்டு, சோலனாய்டு வால்வு மூடிக்கொண்டதா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? வால்வு திறந்தபடி சிக்கிவிட்டால் வாயு ராத்திரி முழுக்க இறங்கும்.

"பம்பும் நிக்காம ஓடலாம். பாட்டில் முழுக்க உள்ளே போனா இதுவும் கொல்லும்."

"ஆமா. அதனாலதான் டைமர். குறிச்ச நேரம் முடிஞ்சா பம்புக்குக் கரண்டே இருக்காது."

கணவன் பேசவில்லை. கல்லை ஒவ்வொன்றாகப் பைக்குள் போடுகிறான். கைப்பேசியில் ரியாக்டரை விற்பவருக்கு எழுதுகிறான். எழுதியதை மனைவிக்குப் படித்தும் காட்டுகிறான்: இப்போதைக்கு வேண்டாம், தொட்டி இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. தோற்றவன் முகம் அல்ல அது. இந்தப் பவளங்கள் கிளைத்துக் குடித்துப் பெருகினால் ரியாக்டர் தானாகத் தேவைப்படும் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் வாங்கினால் நாலு கிராம் பசிக்கு ஒரு பெரிய குழாயைச் சொட்டுச் சொட்டாக அடக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு கருவியில் எது சிறந்தது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தொட்டிக்கு வெளியே விடை இல்லை. இந்த உயிர் நாளுக்கு எவ்வளவு குடிக்கிறது, கருவி பழுதானால் அது யார் கண்ணில் படும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் தேர்வு முடிந்துவிடும். எண் கொஞ்சம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் பவளம் பொறுக்கும். இன்று 7, நாளை 10, மறுநாள் 7 என்று ஆடினால் சதை உரிந்து செத்தும் போகலாம். வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அதற்குத் தர வேண்டியது அந்த ஆடாத நிலைதான். விலை உயர்ந்த கருவி அதைத் தானாகத் தந்துவிடாது. சிரிஞ்சும் நோட்டும் பிடித்த ஒரு கை நாள்தோறும் தர வேண்டும்.

மனைவி நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுகிறாள்: "ஒவ்வொரு பாட்டிலும் நாளுக்கு 150 மில்லியைத் தாண்டினால் ரியாக்டர்." கணவன் அதன் கீழே தன் கையெழுத்தைப் போடுகிறான்.