மோதி பாக்கில் மாவு அரைப்பவர்கள்

அரைத்த மாவு நன்றாகப் பொங்க 28 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். 2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 1.9 டிகிரி. அந்த நிலையத்திலிருந்து மோதி பாக் அதிக தூரமில்லை. அங்கே ஒரு வாடகை அறையில் அன்று விடியும்போது எவர்சில்வர் டிரம்களில் இட்லி மாவு விளிம்பு வரை எழும்பி நின்றது. தமிழ் வீடுகளுக்கு ஞாயிறு இட்லி நாள். அன்றைக்கு மாவு வராவிட்டால் அந்த வீடு அடுத்த வாரம் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அந்தக் குளிரில் மாவை எப்படிப் பொங்க வைக்கிறார்கள் என்று பார்க்க முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டேன்.

மெட்ரோவின் பிங்க் லைனில் 'சர் விஸ்வேஸ்வரய்யா மோதி பாக்' நிலையம் 2018 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ரிங் ரோட்டில் குருத்வாரா, ஒரு பக்கம் உயர் அதிகாரிகளுக்கான புதிய மோதி பாக் குடியிருப்பு, இன்னொரு பக்கம் காரை உதிர்ந்த பழைய அரசு குவார்ட்டர்ஸ். மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ஆர்.கே.புரத்து மலை மந்திர் கோயிலும் பக்கம்தான். அதிகாரிகள் வந்த வழியிலேயே அவர்கள் வீட்டு வேலைக்கும் அலுவலகக் கேன்டீன் வேலைக்கும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்களும் வந்தார்கள். நான் தேடிப்போன அக்கா அப்படி வந்தவர்களில் ஒருவர்.

அறைக்குள் நுழைந்ததும் ஒரு பழைய ஃபிரிட்ஜ் கண்ணில் படும். குளிரூட்டும் வேலையை அது என்றோ நிறுத்திவிட்டது. பழைய சாமான் வாங்கி விற்கும் கபாடிக்காரரிடமிருந்து வாங்கி, தட்டுகளைக் கழற்றி, உள்ளே ஒரு அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கதவை மூடினால் அந்த பல்பின் சூடு வெளியே போகாது. டிரம்களை இரவு முழுக்க உள்ளே வைத்தால் காலையில் மாவு தயார். இதில் ஒரு சிக்கல், இழை எரியும் பழைய பல்ப் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம்தான் வரும், அவ்வளவு சூடு வராது. அக்காவின் கணவர் கடை கடையாகக் கேட்டு வாங்கிய குண்டு பல்புகள் அலமாரியில் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் வீட்டில் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த வேறு பொருள் எதையும் நான் பார்க்கவில்லை.

உளுந்தின் மேலேயே இருக்கும் லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற நுண்ணுயிர்தான் மாவைப் பொங்க வைக்கிறது. வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்க்க வேண்டாம், அந்த உயிருக்கு இதமான சூடு கிடைத்தால் போதும். அக்காவுக்கு அதன் பெயர் தெரியாது, சுபாவம் தெரியும். குளிர்காலத்தில் ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுகிறார். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுகிறார். வெந்தயம் ஒரு பிடி கூடுதல். மே, ஜூனில் எல்லாம் தலைகீழ். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தாலும் மத்தியானத்துக்குள் மாவு புளித்துப் பொங்கி வழியும். சென்னையில் வருஷம் முழுக்க ஒரே கைப்பழக்கத்தில் அரைத்துவிடலாம். தில்லியில் பருவத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்.

நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உருட்டு உளுந்து. இரண்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வருகின்றன, மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். ஐந்து கிலோ போட்டால் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ மாவு காணும். உளுந்தைத் தனியாக அரைக்க வேண்டும், அதுவும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தக் கல் சுற்றும் வேகத்தில் மாவு சூடாகாமல் காற்றை வாங்கிக்கொண்டு நுரைக்கிறது. மிக்ஸியின் பிளேடு வெட்டுகிறது, கல்லோ நசுக்குகிறது. இட்லியின் மென்மைக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஒரு கிண்ணம் தண்ணீரில் உளுந்து மாவைக் கிள்ளிப் போட்டார் அக்கா. மிதந்தது. "இப்ப எடுக்கலாம்" என்றார். அவர் சொல்வதற்கு முன்பே கிரைண்டரை நிறுத்தக் கை நீட்டியவர் பக்கத்து அறைப் பெண். கிரைண்டரின் சத்தம் கனத்திலிருந்து மெல்லிசாக மாறுவதைக் காதிலேயே பிடித்துவிட்டார். அவர் பிஹாரிலிருந்து வந்தவர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் இட்லியைச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, மாவைத் தொட்டதில்லை.

அக்கா ஓர் அலுவலகக் கேன்டீனில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர். காலை டிபன் முழுவதும் அவர் பொறுப்பு. "மார்ச் மாசம் பூட்டுனாங்க தம்பி. திறக்கும்போது கூப்பிடறோம்னாங்க. திறந்தாங்க. கூப்பிடல." 2020 பொதுமுடக்கத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அப்போது அவர்கள் குடியிருந்தது ஓர் அதிகாரி வீட்டின் சர்வென்ட் குவார்ட்டர்ஸில். காலையும் மாலையும் அந்த வீட்டு வேலையைச் செய்துகொடுத்தால் அறைக்கு வாடகை கிடையாது. அரசுக் குடியிருப்புகளில் இந்த ஏற்பாடு சகஜம். அதிகாரிக்கு மாற்றல் வந்தால் வேலையோடு கூரையும் போய்விடும். அவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. கணவர் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி வண்டியும் அதற்குள் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் வேலை இழந்தவர்களுக்கு அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர்களுக்கு 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' மூலம் சராசரிக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு. காப்பீட்டில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். அக்காவின் பெயரை ஒப்பந்தக்காரர் சேர்க்கவே இல்லை. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்காக வந்த 'ஸ்வநிதி' திட்டத்தில் முதல் தவணைக் கடன் அப்போது பத்தாயிரம். அதைக் கேட்கத் தெருவில் விற்பதற்கான சான்று வேண்டும். வீட்டுக்குள் அரைத்து வீடு வீடாகக் கொடுப்பவருக்கு அந்தச் சான்று எங்கே கிடைக்கும்? உதவிகள் எல்லாம் இருந்தன. அக்கா நின்ற இடம்தான் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆக, தொழில் தொடங்கியது ஒரு மாமியின் வாய்வார்த்தையில். முன்பு வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமி, முழங்கை வலி காரணமாக, "எனக்கும் சேர்த்து அரைச்சுக் குடேன்" என்று கேட்டிருக்கிறார். அவர் தன் பள்ளித்தோழிக்குச் சொல்ல, அவர் கோயில் பஜனைக் குழுவில் சொல்ல, வாட்ஸ்அப்பில் பெயர்கள் சேர்ந்தன. முதல் மிக்ஸி புகைந்து போனது. மூடப்பட்ட ஒரு மெஸ்ஸிலிருந்து சாய்க்கும் கிரைண்டர் ஒன்றைத் தவணையில் எடுத்தார்கள். கணவர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அப்போது கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்தான். அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள்.

கரண்ட் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தில்லியில் மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அறைக்கு அறை சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. கிரைண்டரும் பல்பும் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் அக்கா காசு கொடுக்கிறார். வாடகைதாரர்களுக்குத் தனி மீட்டர் தரும் திட்டம் 2019லிருந்தே இருக்கிறது. அதைக் கேட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் கேட்காமல் இருக்கிறார். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை கூரையை இழந்தவர் அவர்.

வேலை போனவர் சொந்தத் தொழில் தொடங்கினார் என்றால் நம் பத்திரிகைகள் உடனே தன்னம்பிக்கைக் கதை எழுதுகின்றன. அக்காவிடம் தன்னம்பிக்கை நிறைய இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கதையில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தியத் தொழிலாளர்களில் சுயதொழில் செய்வோர் 2017-18ல் 52.2 சதவீதம், 2022-23ல் 57.3 சதவீதம் என்று அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே காலத்தில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு குறைந்திருக்கிறது. இந்த உயர்வை முழுக்கத் துணிச்சலின் கணக்கில் எழுத முடியாது. வேறு வழியில்லாமல் இறங்கியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அக்காவுக்கு இப்போது மேலாளர் இல்லை. காய்ச்சல் வந்தால் விடுப்பும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிய பாக்கெட் மாவு, செல்போனில் தட்டினால் நிமிஷத்தில் வீடு வந்து சேர்கிறது. அந்தக் கம்பெனிகளின் விலையோடு ஒற்றை ஆளாக அவர் மோத வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு இந்தியன் காபி ஹவுஸ் ஞாபகம் வருகிறது. காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்கள் ஐம்பதுகளில் மூடப்பட்டு ஊழியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களிடம், நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, அதே ஆண்டு தில்லியிலும். கன்னாட் பிளேஸில் இருந்த அவர்களின் கடை அவசரநிலைக் காலத்தில் இடிபட்ட பிறகு மோகன் சிங் பிளேஸ் மாடிக்குப் போனார்கள். அங்கே இன்னும் காபி கொடுக்கிறார்கள். வேலை போனபோது அவர்கள் கையில் இருந்தது காபி போடவும் பரிமாறவும் தெரிந்த பழக்கம். அக்காவிடம் இருப்பதும் அதுபோன்ற ஒன்றுதான். அவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கம் கண்டவர்கள், எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை போனது. மாவு அரைக்கும் பெண்களுக்குத் தனித்தனியாக, வேறு வேறு வீடுகளில், வேறு வேறு மாதங்களில் போயிற்று. ஒருவருக்கு ஒருவர் போட்டியாகத்தான் அவர்கள் அறிமுகமாகிறார்கள்.

அப்படி அறிமுகமான பிறகும் ஒன்று சேர முடியும் என்பதற்குப் பக்கத்து அறைப் பெண்ணே சாட்சி. அவர் உத்யோக் விஹாரில் ஏற்றுமதித் துணித் தொழிற்சாலையில் தைத்தவர். ஆர்டர் குறைந்ததும் முதலில் நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர். முதலில் டிரம் கழுவ வந்தார், பிறகு அரைக்கப் பழகினார். இப்போது வாரத்தில் மூன்று நாள் கிரைண்டர் அவருடையது. இட்லிக்குப் பழகிவிட்ட பஞ்சாபி, பிஹாரி வீடுகளுக்குக் கொண்டுபோகிறார். அக்காவை 'தீதி' என்று கூப்பிடுகிறார். கரண்ட் செலவை டிரம் கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள், பல்ப் செலவை மட்டும் சரிபாதியாக. அந்தப் பல்ப் விஷயத்தில் சண்டை போட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார்களாம்.

ஞாயிறு காலை ஃபிரிட்ஜைத் திறந்தபோது புளிப்பு வாசனை அறையை நிறைத்தது. உப்புப் போட்டு, கையாலேயே கலந்தார் அக்கா. கரண்டியால் கலக்க மாட்டார். பைகளில் நிரப்பி, எடை போட்டு, முடிச்சுப் போட்டார்கள். சைக்கிள் இரண்டு நடை போய் வந்தது. மூடுபனியில் தாமதமாகும் என்று வீடுகளுக்கு முன்பே செய்தி அனுப்பியிருந்தார்கள்.

வேலை ஓய்ந்ததும் சுய உதவிக் குழு பற்றி என்னிடம் கேட்டார்கள். குழுவாகப் பதிந்தால் வங்கிக் கடன் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து முதல் இருபது பேர் வரை சேரலாம், குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த மட்டும், தனி மீட்டரோடு ஓர் அறை, பெரிய கிரைண்டர் ஒன்று, சூடு காக்கும் பெட்டி ஒன்று, இவை பொதுவாக இருந்தால் இவர்களில் பலருடைய செலவு குறையும். அதையும் சொன்னேன். அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். தான் ஒன்று, பக்கத்து அறை ஒன்று, முறுக்கு சுடும் அம்மா ஒன்று, ஆர்.கே.புரத்தில் இடியாப்பம் கொடுக்கும் தங்கச்சி, அவளுடைய நாத்தனார். ஆறாவது பெயரில் நின்றார்.

"முனீர்க்காவுல ஒருத்தி நல்லா அரைப்பா தம்பி. கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைச்சு என் வீடு ரெண்ட புடிச்சிட்டா. அதுலருந்து பேச்சில்ல."

"அவங்களையும் கூப்பிடலாமே அக்கா?"

பக்கத்து அறைப் பெண் இந்தியில் ஏதோ சொன்னார். அக்கா அவரை முறைத்துவிட்டு, பிறகு தலையாட்டினார்.

"பொங்கல் கழியட்டும். நம்பர் இருக்கு. நானே பேசறேன்."

கையைக் கழுவிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு அரிசியை ஊறப்போடப் போனார்.