ட்ராக் பூஜ்யம்

செம்பூரில் ஏறி, வாஷியில் தானே வண்டிக்கு மாறி, கோபர்கைரனேயில் இறங்கியபோது காலை பத்து மணி. ஆடி மாதத்து மழை விடாமல் பெய்தது. பிஸ்கட் டின் ஒன்றை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தேன். உள்ளே அப்பாவின் 12 ஃப்ளாப்பிகள்.

1996இலிருந்து 1999 வரை ஞாயிறுதோறும் அப்பா தாராவிக்குப் போவார். தோல் ஷாப்புகளில் உழைத்து ஓய்ந்த திருநெல்வேலிப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, இரவில் கம்ப்யூட்டரில் தட்டி வைப்பார். அது புத்தகமாகும் முன்பே போய்விட்டார். சொன்னவர்களும் இப்போது இல்லை. அந்தப் பேச்சு மிஞ்சியிருக்கிற இடம் இந்த டின் ஒன்றுதான்.

நான் தேடிப் போனது சிட்கோ கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அதன் கீழ் அறைதான் அண்ணாச்சியின் பட்டறை. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பம்பாய்க்கு வந்து முப்பத்தைந்து வருஷம். எம்பிராய்டரி மெஷின்களின் கன்ட்ரோல் பெட்டிகளையும் சிஎன்சி மெஷின்களின் போர்டுகளையும் பழுது பார்ப்பது தொழில். எம்பிராய்டரி மெஷின்களில் ஃப்ளாப்பி நெடுங்காலம் உயிரோடு இருந்தது. பூ வேலைப்பாட்டைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் அமைப்பதை ‘பஞ்சிங்’ என்கிறார்கள். அப்படி அமைத்த டிசைன் ஃப்ளாப்பியில் ஏறி மெஷினுக்குப் போகும். சோனி நிறுவனம் 2011இல் ஃப்ளாப்பி விற்பனையையே நிறுத்திவிட்டது. மெஷின்களோ இன்னும் ஓடுகின்றன.

“முதல்ல யார்ட்ட காட்டுனீங்க தம்பி?”

நகரத்தில் ஒரு கடையில் கொடுத்ததையும், அவர்கள் யூஎஸ்பி டிரைவில் வரிசையாகச் செருகிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் போச்சு’ என்று திருப்பித் தந்ததையும் சொன்னேன். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொன்றின் தகர ஷட்டரையும் நகர்த்தி, நடுவில் இருக்கும் உலோக வட்டை நகத்தால் மெல்லத் திருப்பி, மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தார். நான்காவதில் கை நின்றது. கறுப்புத் தகட்டில் ரவை சிதறியதுபோல வெள்ளைப் புள்ளிகள்: பூஞ்சை. அடுத்த ஃப்ளாப்பியில் வட்டமாக ஒரு கீறல், விளக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகும் அளவுக்கு.

“பூஞ்சை புடிச்சத உள்ள விட்டிருக்காவ. அழுக்கு ஹெட்டுல ஒட்டிக்கிட்டு. அடுத்து போட்டதச் செரைச்சிட்டு. படிக்கலன்னா வெளிய எடுத்துரணும் தம்பி. திரும்பத் திரும்பப் போடப்பிடாது.”

அவர் தொழிலின் முதல் பாடம் இதுதான். ஃப்ளாப்பியில் தகவல் இருப்பது காந்தப் பூச்சில். ஹெட் அந்தப் பூச்சைத் தொட்டுக்கொண்டே படிக்கிறது; நிமிஷத்துக்கு 300 சுற்று. நடுவே ஒரு மணல்துகள் மாட்டினாலும் அது உளிதான். மும்பையின் நாலு மாத ஈரத்தில் பீரோவுக்குள் கிடந்த ஃப்ளாப்பியைத் துடைக்காமல் செருகுவது தெரியாமல் செய்கிற கொலை.

பூஞ்சை பிடித்ததை என் கண்ணெதிரே திறந்தார். உறையின் விளிம்பில் மெல்லிய தகட்டை நுழைத்து மூலை மூலையாக நெம்பினார். தகட்டை ஓரத்தில் பிடித்து எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம். கீறல் விழுந்தால் ஒரே ட்ராக் முழுவதுமாகப் போய்விடும். குறுக்கே விழுந்தால் ஆங்காங்கே ஒரு துளிதான் போகும். காய வைத்து, வேறொரு சுத்தமான ஃப்ளாப்பியின் உறைக்குள் அதை இட்டார். பிறகு டிரைவின் இரண்டு ஹெட்டுகளையும் துடைத்தார். மேல் ஹெட்டை அவர் தூக்கவே இல்லை. அதைத் தூக்கி நெளித்துவிட்டால் அந்த டிரைவ் குப்பைக்குத்தான் என்றார்.

அவர் முதலில் படித்தது ட்ராக் பூஜ்யத்தை. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் பக்கத்துக்கு 80 ட்ராக். ஒவ்வொன்றிலும் 512 பைட் கொண்ட 18 செக்டர்கள். வெளி விளிம்பில் இருக்கும் பூஜ்ய ட்ராக்கில்தான் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை இருக்கும். அது பழுதானால் மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். பதறிப் போய் ‘சரி’ என்று தட்டி எத்தனையோ பேர் இருப்பதையும் அழித்திருக்கிறார்கள். அட்டவணைக்கு இரண்டாவது பிரதி ஒன்று உண்டு. அண்ணாச்சி அதைத் தேடினார். வந்தது.

இன்னொன்றைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். 720 கேபி ஃப்ளாப்பி கிடைக்காத நாட்களில், 1.44 ஃப்ளாப்பியின் ஓரத் துளையில் ஒட்டுத்தாள் ஒட்டி 720 ஆக எழுதுவார்கள். ஒட்டுத்தாள் எப்போதோ உதிர்ந்திருக்கிறது. துளையைப் பார்க்கும் டிரைவ் இதை 1.44 என்று எண்ணித் திணறுகிறது. ஒரு துண்டு டேப் ஒட்டினார். படித்துவிட்டது. இதையும் அந்தக் கடை ‘போச்சு’ என்றுதான் சொல்லியிருந்தது.

1996இல் எழுதிய மூன்று ஃப்ளாப்பிகளை அவரது எந்த டிரைவும் படிக்கவில்லை. தகடுகளில் அழுக்கோ கீறலோ கிடையாது. “அப்பா டிரைவு கோணலா எழுதியிருக்கு. நாமளும் கோணலாத்தான் போய்ப் படிக்கணும்” என்றார். இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே 0.19 மில்லிமீட்டர்தான். ஹெட்டை நகர்த்தும் மோட்டாரின் இடத்தை நகப்பூச்சால் குறித்துக்கொண்டு, திருகைக் கால் சுற்று தளர்த்தினார். மயிரிழை அளவு திருப்புவார், படிக்கச் சொல்வார், டிரைவின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். தடுமாறும்போது அது கறகறவென்று திரும்பித் திரும்பி வரும். முக்கால் மணி நேரம் கழித்துச் சத்தம் சீராகி, டிக் டிக்கென்று ட்ராக் ட்ராக்காக முன்னேறியது. என்னால் உட்கார முடியவில்லை.

இடையில் தாராவியிலிருந்து ஓர் எம்பிராய்டரிப் பட்டறைக்காரர் வந்தார். அவர் மெஷினின் ஃப்ளாப்பி இருந்த பொந்தில் அண்ணாச்சி கோடெக் பெட்டி பொருத்துகிறார். அதே 34 முனை ரிப்பன் கேபிள், ஆனால் பென்டிரைவ் செருகலாம். வந்தவர் கூலியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். மெஷின் ஒரு நாள் நின்றால் அத்தனை தொழிலாளிகளுக்கும் வேலை இல்லை. அதை ஓட வைக்கிறவரின் கூலி மட்டும் எல்லோருக்கும் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு மனசு வலித்தது.

மாலையில் ஃபைல்களைத் திறந்தால் தமிழைக் காணோம். ரோமன் எழுத்தும் கொக்கியும் குறியுமாகக் கிடந்தது. அப்பா தட்டியது யூனிகோடுக்கு முந்தைய ‘மயிலை’ எழுத்துருவில். தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்க்கும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த எழுத்துரு அது. என் மடிக்கணினியில் அதை ஏற்றினேன். திரை தமிழானது. தோலை ஊற வைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்ததை ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், அடைப்புக்குறிக்குள், ‘இங்கே அழுதார்’ என்று அப்பா குறித்திருந்தார்.

பத்து ஃப்ளாப்பிகள் முழுதாக வந்துவிட்டன. கீறல் விழுந்தது பாதி. பன்னிரண்டாவதின் தகட்டில் பூச்சு பொரிந்திருந்தது. இன்றைக்கே ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே அண்ணாச்சி என்று கெஞ்சினேன். அவர் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் இட்டு, மூடியில் தேதி எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

“ஈரம் போவட்டும். தீவாளி கழிஞ்சு வாங்க தம்பி.”