ஓரம் வெட்டாத அட்டை

நாம் 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஹூஸ்டன் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தோம். பதினொரு வயதுப் பேரனுக்குக் காலையில் அரபு இலக்கணம் சொல்லிக் கொடுப்பது நம் பணி. பிற்பகலில் அவன் நமக்கு உஸ்தாதாகிவிடுவான். பாடம் யாதெனில், விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள்!

வாசகர்கள் முறுவலிக்கக் கூடும். நாமும் முதலில் முறுவலித்தோம். தீப்பெட்டிப் படம் சேர்த்த பருவம் நமக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இது சிறுவர் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள அந்த அட்டைகளைத் தரம் பார்ப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அஞ்சலில் அனுப்பினால், அசல்தானா என்று ஆராய்கிறார்கள். அச்சு நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகளும் ஓரங்களும் மேற்பரப்பும் எந்நிலையில் உள்ளன என்று பார்க்கிறார்கள். பிறகு 1 முதல் 10 வரை ஓர் எண் தந்து, பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பேரனிடம் இருந்தது, அவன் குர்ஆன் ஓதி முடித்ததற்காகப் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் அன்பளித்த அட்டை. 1986ல் ஃபிளீர் நிறுவனம் வெளியிட்ட 132 கூடைப்பந்து அட்டைகளில் 82ஆம் எண். படத்தில் இருப்பவர் ஹகீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் அணி வாகை சூடக் காரணமாயிருந்தவர். ரமலானில் நோன்பு நோற்றபடியே களத்தில் ஆடியவர். நகரின் மையத்தில் 1928ல் கட்டப்பட்ட ஒரு வங்கிக் கட்டடத்தை அவர் வாங்கிப் பள்ளிவாசலாக்கியிருக்கிறார். நாம் அங்கே ஜும்ஆ தொழுதோம்.

அட்டையில் பெயர் 'அகீம்' என்றிருந்தது. "முதல் எழுத்து 'ஹா' எங்கே போயிற்று?" என்று கேட்டோம். இலக்கணம் கற்பிப்பவனின் கண் வேறெங்கே போகும்? "அப்போ அவர் அப்படித்தான் எழுதுவார், நன்னா. 1991லதான் ஹகீம்னு மாத்திக்கிட்டார்" என்றான். விடுபட்ட எழுத்தோடுதான் அந்த அட்டைக்கு மதிப்பு.

அதை அவன் பொதிந்த பக்குவத்தைச் சொல்ல வேண்டும். கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது நேரம் காத்திருந்தான். மெல்லிய பிளாஸ்டிக் உறையின் வாயை அகல விரித்து, மூலைகள் உரசாமல் அட்டையை உள்ளே இறக்கினான். உறையின் மேல்விளிம்பில் சிறு நாடா ஒன்று ஒட்டினான். தரம் பார்ப்பவர் அட்டையைத் தொடாமல் உறையோடு வெளியே இழுப்பதற்காம். பிறகு அதைச் சற்றே வளையக்கூடிய இன்னொரு உறைக்குள் செலுத்தினான். "கெட்டியான உறையில் வைத்தால் இன்னும் பாதுகாப்பல்லவா?" என்றோம். கெட்டியான உறை இறுகப் பிடிக்கும். அந்நியர் கை அதை உருவி எடுக்கும்போதுதான் மூலை முறியும் என்றான். பாதுகாப்பு என்பது வழிப்பயணத்திற்கு மட்டுமன்று, திறக்கும் கைக்கும் சேர்த்துத்தான் என்பது நமக்குத் தோன்றாமல் போயிற்று!

உறையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு மட்டைத் தாள்களுக்கிடையே அதை வைத்து, அழுத்தாத அளவில் ரப்பர் வளையம் இட்டான். காற்றுக்குமிழ்த் தாள் சுற்றிச் சிறு பெட்டியில் வைத்து, இடைவெளியெல்லாம் காகிதம் திணித்தான். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான்; ஓசை கேட்டால் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டுமாம். படிவத்தை மருமகன் நிரப்பினார். அட்டையின் மதிப்பைக் குறைத்து எழுதினால் கட்டணம் குறையும். அவர் குறைத்து எழுதவில்லை. நமக்கு மனம் குளிர்ந்தது.

இதற்கு முந்திய நாள் நடந்ததைத்தான் சொல்லத் தயங்குகிறோம். அவ்வட்டையின் ஓரம் வரை வண்ணம் அச்சாகியிருப்பதால் சிறு சிராய்ப்பும் வெண்மையாகத் தெரியும். ஒரு மூலையில் நூலிழை போலப் பிசிறு நின்றது. "கூரான பிளேடு ஒன்று கொடு, மயிரிழை அளவு சீவிவிட்டால் அழகாகிவிடும்" என்றோம்.

பையன் அட்டையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டான். "வேணாம் நன்னா! அது ஏமாத்துறது!"

ஓரம் சீவிய அட்டைக்கு எண்ணே தரமாட்டார்களாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகரெட்டுப் பெட்டிகளோடு வந்த ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்றின் வரலாற்றையும் சொன்னான். 1991ல் தொடங்கிய கலிபோர்னியா நிறுவனம் முதன்முதலாகத் தரம் பார்த்தது அதைத்தான். 8 என்ற எண் கொடுத்தது. அதை முன்பு விற்ற வணிகர், ஓரத்தைத் தாமே வெட்டியதாக 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

நாம் மேற்கொண்டு பேசவில்லை. எழுந்து போய் ஒளூச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

1989ல் நமக்கு வயது இருபத்துமூன்று. மத்ரஸாவில் ஓதி முடித்து வெளிவந்தபோது, உஸ்தாத் மர்ஹூம் அவர்கள் தாம் பாடம் நடத்திய 'அல்ஃபிய்யா' கிதாபை நம் கையில் தந்தார்கள். பக்க ஓரங்களெல்லாம் அவர்கள் கைப்பட அரபுத்தமிழில் எழுதிய குறிப்புகள். முப்பதாண்டுப் பாடம் அந்த ஓரங்களில்தான் இருந்தது. தாள்கள் கழன்று வந்தன. கிதாபைக் காக்கிறோம் என்ற நினைப்பில் பைண்டரிடம் கொடுத்தோம். "ஓரம் கோணலா இருக்கே, சரி பண்ணிடவா?" என்று அவர் கேட்டார். "அழகாகச் செய்யுங்கள்" என்று சொன்னது நாம்தான். கட்டிங் மெஷின் மூன்று பக்கங்களையும் நேராக்கிவிட்டது.

கடையின் தரையைக் கூட்டிப் பொறுக்கிய துண்டுகளை மாவு டப்பா ஒன்றில் போட்டு வைத்தோம். உஸ்தாதிடம் சொல்லத் துணிவு வரவில்லை. அவர்கள் வஃபாத்தாகும் வரை, ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும், "கிதாபு பத்திரமா?" என்று கேட்பார்கள். "பத்திரமாக இருக்கிறது ஹஜ்ரத்" என்போம்.

இதைப் பேரனிடம் சொன்னோம். முப்பத்தைந்து ஆண்டுகளில் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அன்றுதான். அவன் நம்மைத் தேற்றவில்லை. "அந்தத் துண்டெல்லாம் இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டான். விமானம் ஏறும் நாளில் நம் பெட்டியில் நூறு மெல்லிய உறைகள் கொண்ட கட்டு ஒன்றை வைத்தான். நாடா ஒட்ட மறந்துவிட வேண்டாம் என்றான்.

ஊர் திரும்பியபின் அவன் அட்டை 6 என்ற எண்ணோடு வந்ததாக மகள் தொலைபேசியில் சொன்னாள். அவனுக்கு வருத்தமில்லையாம், நமக்குத்தான் சிறிது.

இப்போது இஷாவுக்குப் பின் டப்பாவைத் திறக்கிறோம். கையைத் துடைத்துக் கொண்டு, ஒரு துண்டில் அறுபட்ட எழுத்தின் மறுபாதி எந்தப் பக்கத்தில் நிற்கிறதென்று கிதாபில் தேடி, அந்தப் பக்க எண்ணைச் சீட்டில் குறித்து, சீட்டையும் துண்டையும் ஒரே உறையிலிடுகிறோம். ஓரிரவில் ஒன்றுக்கே நேரம் போதவில்லை. இதுவரை 17 ஆகியிருக்கின்றன.