நோய் பிள்ளைக்கு, சுமை முழு வீட்டுக்கும்



என் இளைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அவனுக்கு ஐந்து வயது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், கால் நோவு, விழாமலே உடம்பில் கண்டல்கள். 'வளர்கிற பிள்ளைக்குக் கால் நோகும்தானே' என்றார்கள். இரத்தப் பரிசோதனை வேறு சொன்னது. மருதனார்மடத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவனைக் கொண்டு போனோம்.

இந்த நோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பயணச் செலவு உண்டு. தங்கும் அறைக்கு வாடகை உண்டு. பூட்டிய கடைக்கு வருமானம் இல்லை. என் கணவர் மாதத்தில் பாதி நாள் கடையைப் பூட்டினார். சிங்களம் தெரியாத நான் வார்டில் சைகையால் பேசிப் பழகினேன். நோன்பு மாதத்தில் பக்கத்துக் கட்டிலின் சிங்களத் தாய் ஸஹருக்கு என்னை எழுப்பி, சுடுதண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது. மருந்து நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்க முடியாது. நடுச்சாமமானாலும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். தேர்மோமீற்றர் என் தலையணைக்குக் கீழேயே கிடந்தது. கொதித்தாறிய தண்ணீர், அப்போதே சமைத்த சாப்பாடு. தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்றால் எங்கள் கேற் பூட்டப்படும்.

நோயாளியை நலம் விசாரிப்பது நமக்கு சுன்னத். இருமலோடும் சளியோடும் அன்பாக வந்தவர்களை நான் கேற்றடியிலேயே நிறுத்தினேன். சிலர் மனம் நொந்து போனார்கள். சிலர் உள்ளே வராமலே, 'யாருடைய கண்ணூறு? வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை, தொற்றுவதுமில்லை. இதை டாக்டர் எனக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தன.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது ஒன்பது வயது மூத்த மகள் கேட்டது: 'எனக்கும் காய்ச்சல் வந்தால் நீங்க என்னோடு இருப்பீங்களா உம்மா?' அந்த நாட்களில் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா. 'தம்பியை நீங்கள் பாருங்கோ, இவள் என்ர பொறுப்பு' என்றார். எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நலம் விசாரிப்பு அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள், வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர் கூட இல்லை. நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையை இடையில் கைவிடுவதும் அதற்கான காரணங்களில் சில. பிள்ளை விளையாடத் தொடங்கியதும் 'இனி சுகம்தானே, இந்த மருந்தெல்லாம் எதற்கு?' என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, களைத்துப்போன பெற்றோரை அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

பெரிய உதவிகளும் நடந்திருக்கின்றன. 2011 இல் தெற்கே தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில்தான் எங்கள் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகனின் நோயால் இந்தத் துன்பத்தை அறிந்த தகப்பனான எம்.எஸ்.எச். முஹம்மத், மகரகமவுக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கவென்று 2016 இல் மக்களிடம் 20 கோடி ரூபாய் திரட்டினார்.

நம்மால் கோடிகள் முடியாது. ஒரு நேரச் சாப்பாடு முடியும். பஸ் காசு முடியும். இரத்தம் கொடுக்கச் சொல்லி வீட்டு ஆண்களை அனுப்ப முடியும். அந்த வீட்டின் மற்றப் பிள்ளையை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிவந்து, நம் பிள்ளைகளோடு இருத்திச் சாப்பாடு கொடுக்க முடியும்.

என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முதல் நாள் இரவு எனக்கு உறக்கமில்லை. உங்கள் துஆக்களில் அவனையும், இன்று அந்த வார்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.